ரைவல் வீட்டுத் தாயாரம்மாள்

கும்மிடிப்பூண்டிக் கடைத்தெரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எதிரே, போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார் தாயாரம்மாள். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. கூடை சுமந்து சுமந்து உச்சியில் முடி தேய்ந்த தலை. மகன் சின்னராசுவுக்கு, புதிதாக எழும்பிய தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வேலை கிடைத்த கையோடு பெண்ணும் அமைந்துவிட்டது. எழுபத்தாறாம் வருஷத்துத் தை மாதம் அது.

"இன்னாம்மா இது? 'ரைவல் வீடு'ன்னு எழுதிக் குட்துகிறீங்க? இங்கிலீஷ்ல அதுக்கு எதிரி, போட்டிக்காரன்னு அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில போயா?"

"தெரியும்பா. அப்படியே போடு. எங்கூட்டுக்காரரு லோகநாதன் பேரு மேல, அவரு தம்பி இராமலிங்கம் பேரு கீழ. நடுவுல பூவு, கோடு எதுவும் போட்டுப் பிரிச்சுடாத."

"அர்த்தம் தெரிஞ்சுமா போடச் சொல்றீங்க?"

"அது வக்கீல் சொன்ன அர்த்தம். அதுக்கு முந்தின அர்த்தம் ஒண்ணு கீது."

அச்சகத்துக்காரர் மறுபடி எழுத்துக் கோக்கத் தொடங்கினார். குடும்பத்துக்குள் அந்த வார்த்தை எப்படி வந்தது, அதன் முந்தின அர்த்தத்தைத் தாயாரம்மாள் எங்கே பெற்றார் என்பது, அந்த வீட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்த மருமக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியதே.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் ஒரு சிறு குப்பம். பதினாறு வயதில் அங்கே லோகநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார் தாயாரம்மாள். சில ஆண்டுகள் கழித்து மைத்துனர் இராமலிங்கத்துக்கு மனைவியாகக் கோவிந்தம்மா வந்தார். ஓரகத்திகள் இருவரும் விடியலில் கூடையைத் தூக்கிக்கொண்டு, படகில் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போவார்கள். கடைத்தெரு கோவிந்தம்மாவுக்கு, கோர்ட்டுப் பக்கம் தாயாரம்மாளுக்கு என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. திரும்பும் பஸ்ஸில் காலிக் கூடைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கும்.

அந்தக் குப்பத்துக்குக் கடலைக் காட்டிலும் ஏரிதான் சோறு போட்டது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி ஆழமான ஓடைகள் இருந்தன. கடலிலிருந்து இறால் ஏறுவதும் இறங்குவதும் அந்த ஓடைகளில்தான். ஓடையின் குறுக்கே கழி நட்டு வலை கட்டும் உரிமையைப் 'பாடு' என்பார்கள். ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு எந்த வீட்டுப் பெயருக்கு எந்த நாள், எந்த ஓடை என்று முறை வைப்பார்கள். முறை இல்லாதவர் எவ்வளவு இறால் துள்ளினாலும் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

மாமனார் சடையப்பன் பெயருக்கு ஒரு பாடு இருந்தது. அவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் இருவரும் தனித்தனி அடுப்பு மூட்டிக்கொண்டார்கள். அடுப்பைப் பிரிக்கலாம், சீட்டில் இருக்கும் பெயரைப் பிரிக்க ஊர்க் கட்டுப்பாட்டில் இடம் இல்லை. எனவே ஒரு வருஷம் முழுதும் அண்ணன், மறு வருஷம் முழுதும் தம்பி என்று வைத்துக்கொண்டார்கள். பல வருஷங்கள் அதில் ஒரு குறையும் எழவில்லை.

அறுபத்தெட்டில் குறை வந்தது. அது லோகநாதனின் வருஷம். மழை ஏமாற்றிவிட்டது. ஏரியின் வேகம் குறைந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி முகத்துவாரத்தை அடைத்துவிட்டது. ஓடைகள் குட்டைகளாயின, நட்ட கழியில் பாசிதான் படிந்தது. தாயாரம்மாளின் வீட்டில் பித்தளைக் குடமும் போயிற்று, அண்டாவும் போயிற்று. அடுத்த வருஷம் பிறந்ததும் லோகநாதன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "போன வருஷம் எனுக்கு வருஷமே இல்ல. ஓடையே ஓடாத வருஷத்த என் கணக்குல எழுதுனா எப்படி? இந்த வருஷம் எனுக்குத்தான்" என்றார்.

இராமலிங்கமும் எழுந்தார். "நல்ல வருஷம் வந்தப்போ நான் அதுல பங்கு கேட்டனா? கெட்ட வருஷம் வந்தா மட்டும் இன்னாத்துக்கு என் வருஷத்துல கை வெக்கிறது? மொற மொறதான்."

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. ஊர்த்தலைவர் துலுக்காணம் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க காலத்துல இப்படி ஒரு பேஜாரு வந்ததில்லப்பா" என்று மட்டும் சொன்னார். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. மறு வாரம் லோகநாதன், ஊரில் எவரும் அதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். பொன்னேரிக்குப் போய் வக்கீல் வைத்தார்.

வக்கீல் பூவராகவன் திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். கையெழுத்து வாங்குமுன் மனுவை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டுவது அவர் வழக்கம். கேட்டுக்கொண்டே வந்த லோகநாதன் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இன்னாமோ ரைவலு ரைவலுன்னு வந்துக்கினே கீதே, அது இன்னா சாமி?"

"உன் தம்பியத்தான்பா சொல்றது. உனக்குப் போட்டியா நிக்கறவன். எதிராளின்னு வெச்சுக்கோயேன்."

லோகநாதனுக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போயிற்று. அதற்குக் காரணமும் உண்டு. தம்பியைத் திட்ட அவர் அதுவரை பட்ட பாடு கொஞ்சம் அல்ல. தாயைச் சொல்லித் திட்டினால் தன் தாயையே சொல்லும். பிறப்பைச் சொன்னால் தன் பிறப்புக்கும் அது பொருந்தும். அப்பனையோ வம்சத்தையோ சொல்லவே வேண்டாம். கூடப் பிறந்தவனைத் திட்டுவதற்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தன்மேல் தெறிக்காமல் இல்லையே என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு, இருவரின் பெற்றோரையும் தொடாத ஒரு வசவு பொன்னேரியில் கிடைத்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலையே குப்பத்தில் அது புழங்கத் தொடங்கிவிட்டது. வலை பின்னுகிற இடத்தில், "ரைவலு வரான், வழி வுடுங்கப்பா" என்பார் லோகநாதன். நாலு பேர் சிரிப்பார்கள். ஒரு மாதத்துக்குள் சின்னஞ்சிறுசுகள் கிளித்தட்டு ஆடும்போது எதிர்க் கட்சிக்கு 'ரைவலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இராமலிங்கத்தின் குடிசை 'ரைவலூடு' ஆயிற்று. அண்ணன் தம்பி பேச்சு முற்றிலும் நின்றது. ஓரகத்திகள் ஒரே படகில் ஏறினாலும் ஒருவர் முன்பக்கம் பார்த்தும் மற்றவர் பின்பக்கம் பார்த்தும் உட்கார்ந்தார்கள்.

தாயாரம்மாளுக்கு இதில் வருத்தம் இருந்தது என்றாலும், வழக்கு வெல்ல வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. போன அண்டா திரும்ப வரவேண்டும். சின்னராசு பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஓர் ஆண்டுப் பாடு வேண்டும். அது கோவிந்தம்மாவின் அடுப்பிலிருந்து எடுக்கும் நெருப்பு என்று தெரிந்தும் அவர் அதை வேண்டினார்.

குப்பத்தில் குடிதண்ணீருக்கு மணலில் தோண்டிய ஊற்று ஒன்றுதான். ஊறி வர ஊறி வரச் சிரட்டையால் முகந்து குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு நாள் காலை, அங்கே தாயாரம்மாள் முகந்துகொண்டிருக்கையில் எதிர்ப்புறம் வந்து குந்திய கோவிந்தம்மா, வெகு நாள் கழித்து வாய் திறந்தார்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாமா சொல்றாரே, அது கெட்ட வார்த்தையா?"

"எது?"

"அதான்... ரைவலு. எம்பொண்ணக்கூட ரைவலு பொண்ணுன்றாங்க. அவ அழுதுக்கினு வரா. அது தே...ன்னு வர்ற வார்த்தையா, இல்ல சும்மா திட்டறதா? அதயாவது தெரிஞ்சுக்கினா அதுக்குத் தக்க நானும் திருப்பித் திட்டலாம்ல?"

தாயாரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். "எனுக்குத் தெரியாதும்மே. எதிராளின்னு சொன்னாராம் வக்கீலு."

"எதிராளின்னா தமிள்லயே சொல்லலாமே. இங்கிலீசுல சொல்லணும்னா உள்ள இன்னாமோ கீது."

குடம் நிறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி தாயாரம்மாளோடு பொன்னேரிக்கு வந்தது.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் தட்டெழுத்து மிஷினோடு உட்கார்ந்திருப்பவர் ஆசீர்வாதம். இளமையில் பாதிரியாராக வேண்டும் என்று குருமடத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் லத்தீன் படித்தவர்; பிறகு மனம் மாறி வெளியே வந்து குடும்பஸ்தர் ஆனவர். வெள்ளிக்கிழமை கறி சாப்பிடமாட்டார். ஆகவே வெள்ளிதோறும் தாயாரம்மாளின் கூடைக்கு அவர்தான் முதல் போணி.

"வாம்மா தாயாரு. இன்னைக்கு என்ன, மொகம் கூடையவிட கனமா இருக்கு?"

"டைப்பு சார், ஒரு வார்த்தை கேக்கணும். கெட்ட வார்த்தையா இருந்தா கோச்சுக்காதீங்க." சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரைவலு."

ஆசீர்வாதம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, அவர் கேட்டதில் விளையாட்டு இல்லை என்று கண்டு, காலடியில் கிடந்த பெட்டியைத் திறந்தார். குருமடத்திலிருந்து அவர் கொண்டுவந்த பொருள்களில் அட்டை பிய்ந்த ஒரு தடித்த அகராதியும் ஒன்று. விரலை நாக்கில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார்.

"எதிராளின்னு வக்கீல் சொன்னது சரிதான். இன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். ஆனா இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு போட்டிருக்கான் பாரு. ரோமாபுரிக்காரங்க பாஷை அது. ரீவுஸ்னா ஓடை. ரிவாலிஸ்னா ஒரே ஓடையில தண்ணி எடுக்கறவங்க. இந்தக் கரைக்காரன் ஒருத்தன், அந்தக் கரைக்காரன் ஒருத்தன். அவ்வளவுதான் மொதல் அர்த்தம்."

தாயாரம்மாள் கூடையைக் கீழே இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஓடைக்காரங்களா? அப்போ எதிரின்னு எப்படி ஆச்சு?"

"ஓடை ஒண்ணு, ஆளு ரெண்டு. சண்டை வராம இருக்குமா? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே வந்திருக்கு."

"அந்த ஊர்லயும் எங்கூட்டுக்காரரு மாதிரி ஒருத்தரு இருந்துகிறாரு!" என்று சிரித்தார் தாயாரம்மாள்.  சிரிப்பு அடங்கியதும், கூடையிலிருந்த கடல் மீனின் மேல் ஈ மொய்ப்பதைக்கூட அவர் விரட்டவில்லை.

"சார், இன்னும் ஒண்ணு. அந்த ஓடையே அடைஞ்சு போச்சுன்னா? ரெண்டு பேருக்கும் தண்ணியே இல்லன்னா, அப்போ அவங்களுக்கு இன்னா பேரு?"

ஆசீர்வாதம் அகராதியை மறுபடி பார்த்தார். "அதெல்லாம் இதுல போடலம்மா" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மீனுக்குப் பேரம் பேசவில்லை. தாயாரம்மாளும் விலை சொல்ல மறந்திருந்தார்.

மறுநாள் ஊற்றங்கரையில் கோவிந்தம்மாவிடம், "கெட்ட வார்த்தை இல்லடி. நம்ப ரெண்டு ஊட்டுக்கும் சேத்து ஒரே பேரு அது" என்று சொல்லிவிட்டார். கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வழக்கின் முனை மழுங்கிவிடுமோ என்ற பயம் இருந்தது. அந்த வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு வாரக்கணக்கில் நடமாடினார்.

கார்த்திகையில் மழை கொட்டியது. ஏரி நிரம்பி, போன வருஷம் முதல் முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணலின் வயிற்றை முட்டியது. ஊர்த்தலைவர் ஆளைவிட்டுத் தமுக்கு அடிக்கச் செய்தார்: நாளைக் காலை கடல் வற்றி இறங்கும் நேரத்தில் முகத்துவாரத்தை வெட்டித் திறக்க வேண்டும், எல்லாரும் மண்வெட்டியோடு வர வேண்டும். ஏரி மட்டம் கடலைவிட உயர்ந்து நிற்கிற அந்த நேரம் தவறினால், மழை நின்று தண்ணீர் கரையில் வடிந்து வீணாகும்.

அந்த மறுநாளே லோகநாதனின் வாய்தா நாளாகவும் இருந்தது. வாதி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும், வராவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகிவிடும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லோகநாதன் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, மடித்துப் பாயின் கீழ் வைத்து அழுத்தியிருந்தார். அந்தி விளக்கு வைக்கும் வேளையில் தாயாரம்மாள் தொடங்கினார்.

"நாளைக்கு வெட்டுக்குப் போவலியா?"

"இன்னாமே பேசற? வாய்தாவ வுட்டுட்டு மண்ணு வெட்டப் போறதா? நாப்பது ஊட்டு ஆளு கீறாங்க. அந்த ரைவலும் கீறான்."

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுக்கினு வந்தேன்யா." ஆசீர்வாதம் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

லோகநாதன் முகம் சுளித்தார். "வக்கீலுக்குத் தெரியாதது டைப்பு அடிக்கறவருக்குத் தெரிஞ்சுட்சா?"

"ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க. வக்கீலு இன்னைக்கு அர்த்தம் சொல்றாரு. இவுரு அது பொறந்த எடத்தச் சொல்றாரு. நான் கேக்கறது வேற. கோர்ட்டு நாளைக்கு உனுக்குத்தான்னு தீர்ப்பு சொல்லுதுன்னே வெச்சுக்கோ. எத்தக் குடுக்கும்? அடைஞ்சு கெடக்கற ஓடையத்தான குடுக்கும்? தண்ணி ஓடாத எடத்துல நீயும் ரைவலு இல்ல, அவுரும் ரைவலு இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணுமில்ல."

"நைனா பேரு எனுக்கும்தான் கீது. போன வருஷம் நான் பட்டது பட்டதுதான."

"நீ மட்டுமா பட்ட? உன் அண்டா போன அதே மாசத்துலதான் கோவிந்தம்மா மூக்குத்தியும் போச்சு. அது அவங்க வருஷம்கூட இல்ல."

 விடிந்ததும் லோகநாதன் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்துவிட்டார். தாயாரம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு மண் சுமக்க முகத்துவாரத்துக்குப் போனார். தன் பேச்சு தோற்றுவிட்டது என்றே எண்ணினார்.

வெட்டு நடக்கும் இடத்தில் எவரும் இஷ்டப்படி நிற்க முடியாது. சீட்டு வரிசைப்படி ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இடம். துலுக்காணம் உரக்கப் பெயர் கூப்பிட்டார்.

"சடையப்பன் பேருக்கு ஆளு யாரு?"

"நான்" என்றார் இராமலிங்கம், பள்ளத்தில் இறங்கிக்கொண்டே.

"நானும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மண் நிறமும் கறுப்புமாக நின்ற அத்தனை உடம்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சட்டை வந்துகொண்டிருந்தது.

 பெண்கள் பக்கத்திலிருந்து, "கோர்ட்டே இங்க வந்துட்சுடியோய்!" என்று ஒருத்தி கத்த, சிரிப்பு கரை கொள்ளவில்லை.

"ஒரு பேருக்கு ஒரு எடம்தான்பா" என்றார் துலுக்காணம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஒருத்தன் வெட்டு, ஒருத்தன் அள்ளிப் போடு. சண்டைய மேல ஏறி வெச்சுக்கோங்க."

முழம் அகல இடத்தில் இருவரும் முதுகோடு முதுகு உரசி நின்றார்கள். பேசிக்கொள்வதில்லை என்ற வைராக்கியம் இருவருக்கும் இருந்ததால், கரையில் கூடையோடு நின்ற தாயாரம்மாள்தான் தபால்காரர் ஆனார்.

"தாயாரு, மண்வெட்டிய அப்படிப் புடிச்சா மதியம் வரிக்கும் தாங்காதுன்னு சொல்லு."

"அண்ணி, எனுக்குப் புடிக்கத் தெரியும்னு சொல்லுங்க. கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணத்தான் தெரியாது."

"அவன் வாயி நீளுதுன்னு சொல்லு."

"நடுவுல நான் எதுக்குய்யா?" என்றார் தாயாரம்மாள். "ரெண்டு பேருக்கும் காது கேக்குது இல்ல?"

வெயில் ஏறும்போது ஏரித் தண்ணீர் பள்ளத்தில் நூல் போல ஊர்ந்து வந்தது. பிறகு அது கயிறானது. பக்கவாட்டு மணல் பொத்துப் பொத்தென்று சரிய, ஏரி தானே தன் வழியை அகலப்படுத்திக்கொண்டு சீறியது. எல்லாரும் கரைக்குத் தாவினார்கள். லோகநாதன் நின்ற இடம் காலடியிலேயே கரைந்தது. இராமலிங்கம் அவர் சட்டையின் பின் கழுத்தைப் பற்றி இழுத்துக் கரையில் போட்டார். சட்டை முதுகோடு கிழிந்து கையில் வந்துவிட்டது.

இராமலிங்கம் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "அண்ணி, கோர்ட்டுச் சட்ட கிழிஞ்சுட்சுன்னு சொல்லுங்க."

லோகநாதன் மூச்சு வாங்கிக்கொண்டே, "புச்சு ஒண்ணு வாங்கித் தரச் சொல்லு" என்றார்.

அன்று பொன்னேரியில் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. சேதி சொல்லப் போன லோகநாதனை வக்கீல் பூவராகவன் கடிந்துகொண்டார். பிறகு சற்று ஆறி, "எங்காத்துலயும் கோயில் முறை அஞ்சு பங்கு. கோர்ட்டுக்குப் போகலயே தவிர, பேச்சுவார்த்தை இல்லாத வருஷம் நிறைய உண்டு" என்றார்.

வழக்கு போனதால் அந்த வருஷப் பாடு இராமலிங்கத்துக்கே நின்றது. முதல் முறை நாளன்று அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வாசலைக் கடக்கையில், வாசலில் நட்டிருந்த முளைக்கம்பைப் பார்த்து, "வலைக்கு ஒரு ஆளு கொறையுது" என்று சொல்லிவிட்டு நடந்தார். முளைக்கம்பு அசையவில்லை. உள்ளேயிருந்து லோகநாதன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அந்த வருஷ இறால் கரையிலேயே இரண்டாகப் பங்கு பிரிந்தது. அடுத்த ஊர்க்கூட்டத்தில், முகத்துவாரம் அடைந்த வருஷம் எவர் கணக்கிலும் சேராது என்று துலுக்காணம் பொதுவில் அறிவித்தார். தாம் கேட்ட நியாயம், கேட்பதை விட்ட பிறகு வந்து சேர்ந்ததைப் பற்றி லோகநாதன் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். சகோதரர்களுக்குள் சண்டையும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் எது வந்தாலும் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஊரும் இரண்டு குடிசைகளையும் சேர்த்தே 'ரைவலூடு' என்றது.

பங்கு பிரிந்த முதல் வெள்ளிக்கிழமை, கோர்ட்டுத் தாழ்வாரத்தின் முன் இரண்டு கூடைகள் வந்து இறங்கின. ஆசீர்வாதம் மிஷினிலிருந்து கையை எடுத்தார்.

"இது யாரும்மா புதுசா?"

"எங்க ரைவலு" என்றார் தாயாரம்மாள்.

"நான்தான் சார் அந்த ரைவலு" என்று கூடையின் மேல் மூடியிருந்த இலையை விலக்கினார் கோவிந்தம்மா. "எங்க எறாவப் பாருங்க, கண்ணு எப்படி மின்னுது. அக்காவோடது படகுலயே வாடிப்போச்சு."

"அடியே, கோர்ட்டுப் பக்கம் என் பக்கம்டி! உன் கடைத்தெருவ யாரு பாக்கறா?"

"ரெண்டும் எந்த ஓடை எறா?" என்று கேட்டார் ஆசீர்வாதம்.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அவர் பையின் வாயை அகலமாகப் பிடித்து இரு கூடைகளுக்கும் நடுவே நீட்டினார்.